நம்பி வாங்கும் சாமான்

“முதல்ல மூடியைத் திறங்க விபுல்பாய். விலை குறைஞ்ச சாமானை வெளியில பார்த்து நம்ப முடியாது” என்றாள் ஹேதல்.

மோர்பியில் அந்த டைல்ஸ் ஆலையின் பராமரிப்பு முழுக்க அவள் பொறுப்பு. விபுல்பாய் ராஜ்கோட்டில் தன் பட்டறையில் செய்த கன்ட்ரோலரை மேசைமேல் வைத்து, திருகுகளைக் கழற்றினார். உள்ளங்கை அளவுப் பெட்டி. சூளைக்குள் சூடு கூடினால் எரிவாயுவைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். அது கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் போதும், உள்ளே போன டைல்ஸெல்லாம் பொரித்த அப்பளம்போல வளைந்து வெளியே வரும்.

இந்த மாதிரிச் சோதனைகளில் ஹேதலுக்குத் தனி ருசி. ஹேர் டிரையரை எடுத்துப் பெட்டிக்குள் சூடான காற்றை ஊதினாள். மட்டமான சாமான் என்றால் தானே சூடாகி நிதானம் இழக்கும். திரையில் எண்கள் மெல்ல நகரத் தொடங்கும். நகரவில்லை. அடுத்து, பக்கத்திலிருந்த பெரிய மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தினாள், மறுபடி ஓடவிட்டாள். மோட்டார் கிளம்பும்போது மின்சாரத்தில் ஒரு குலுக்கல் வரும். நோஞ்சான் கருவிகள் அதில் மயங்கி விழுந்து, எழுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கும். இது அசையவில்லை.

“பரவாயில்லையே” என்றபடி டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். “இதென்ன, ரோஸ் கலர்ல?”

அளவைச் சரிசெய்யும் குட்டித் திருகின் தலையில் பொட்டு வைத்ததுபோல ஒரு சொட்டு.

“நெயில் பாலிஷ், ஹேதல்பென். அதிர்வுல திருகு தானாச் சுத்திக்கும். ஒரு சொட்டு விட்டா கெட்டியாப் பிடிச்சுக்கும். வீட்டுக்காரியோட பாட்டில்தான். ஒவ்வொரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போதும் திட்டு வாங்குறேன்.”

ஹேதல் சிரித்துவிட்டாள். “இதை எங்க முதலாளி சேட்கிட்ட காட்டினா என்னையும் உங்களோடயே அனுப்பிடுவார்.”

விபுல்பாயும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் நிலையைச் சொன்னார். ராஜ்கோட் பெயரைக் கேட்டாலே ஆலைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், என்ன சொன்னாலும் நம்புவதில்லை. ஒரே ஒரு வியாபாரிதான் விடாமல் எடுத்துக்கொள்கிறார். அதுவும் அடிமாட்டு விலைக்கு, பெயர் போட்ட மேல்பெட்டிகூட வேண்டாம் என்று. சாலிடர் வைக்கும் பெண்களுக்குக் கூலி கொடுக்கவே அது இழுபறி. ஏதாவது ஒரு ஆலை நேராக வாங்கினால்தான் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் ஹோலியோடு ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

ஹேதலுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் புதுச் சூளை முழுவதற்கும் கன்ட்ரோலர் வாங்க வேண்டும். பாவம் பார்த்து வாங்கி, சூளை படுத்தால் யார் பதில் சொல்வது?

“வாங்க, நல்ல சாமான் எப்படி இருக்கும்னு காட்டுறேன்” என்று பழைய சூளைக்குக் கூட்டிப்போனாள்.

வெளிநாட்டுப் பெயர் பொறித்த கன்ட்ரோலர்கள் அங்கே வரிசையாக மினுங்கின. அனலும் களிமண் தூசியும் அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

“ஆறு வருஷமா ஒருநாள்கூட மக்கர் பண்ணினதில்ல. திறக்கவேண்டிய வேலையே வரல. இதுல பாதி உழைக்கும்னு தெரிஞ்சாலும் உங்களோடதை வாங்கிடுவேன்.”

விபுல்பாய் குனிந்து ஒன்றைப் பார்த்தார். கைக்குட்டையால் அதன் தூசியைத் துடைத்தார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். திரையில் எண்கள் இருமுறை சிமிட்டிவிட்டு அடங்கின.

“என்ன விலைக்கு வாங்கினீங்க?”

சொன்னாள். விபுல்பாய் தன் கன்ட்ரோலருக்குக் கேட்ட விலையைப் போலப் பத்து மடங்கு.

அவர் அடுத்ததன் தூசியையும் துடைத்து, அதே இரண்டு பொத்தான்களை அழுத்தினார். அதுவும் இருமுறை சிமிட்டியது.

“நல்ல சாமான்தான், ஹேதல்பென்” என்றார் நிமிர்ந்து. “நம்பி வாங்கலாம்.”

வரவழைத்து வைத்திருந்த தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார். போட்டிக்காரரே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி யோசிக்க என்ன இருக்கிறது? அன்று மாலையே ஹேதல், பழையவற்றை விற்ற அதே அகமதாபாத் டீலரிடம் வெளிநாட்டுக் கன்ட்ரோலர்களுக்குச் சொல்லிவிட்டாள்.

ஹோலி போய்விட்டது. புதுச் சூளையைப் பற்றவைக்கும் நாள் நெருங்கியும் கன்ட்ரோலர்கள் வந்து சேரவில்லை. போனில் பிடித்துக் கேட்டபோது டீலர் இழுத்தார்.

“ஹோலிக்கப்புறம் எனக்கே சரக்கு வரல ஹேதல்பென். செய்யற இடத்தையே மூடிட்டாங்க.”

“அவ்வளவு பெரிய கம்பெனியையா?”

டீலருக்கு இருமல் வந்தது. அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

வேறு வழியின்றி விபுல்பாயைக் கூப்பிட்டாள். அவர் மனைவிதான் எடுத்தாள். பட்டறையை விற்றாகிவிட்டது, அவர் சூரத்தில் வேலை தேடிப் போயிருக்கிறார் என்றாள்.

பழைய சூளையில் ஒரு வரிசையை அணைத்து, அதன் கன்ட்ரோலர்களைப் புதுச் சூளைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள் ஹேதல். புதுச் சூளைக்கு அளவை மாற்றி வைக்க வேண்டும். அதற்கு உள்ளே திருக வேண்டும். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்த வெளிநாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள்.

குட்டித் திருகின் தலையில், கொஞ்சம்கூட நிறம் மங்காமல், ஒரு சொட்டு ரோஸ் நெயில் பாலிஷ்.