மூன்று மணித் தலைவலி

“டோஸை ஏத்துங்க டாக்டர். வாரத்துக்கு ஒண்ணுங்கிறதை தினத்துக்கு ஒண்ணாக்குங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

தலைவலி டாக்டர் நிமிர்ந்தார். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும். பேசியது மனைவி. கடைக்காரர் முகத்தின் வலது பாதி மட்டும் கருகிப்போய் இருந்தது. இடது பாதி பழைய மாநிறத்தில் பத்திரமாக இருந்தது.

“முகத்துல என்னம்மா ஆச்சு?”

“வெயில்ல வைட்டமின் டி கிடைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? தினமும் மொட்டை மாடியில காயப் போடறேன். இவருக்கு வலி வலது கண்ணுக்குப் பின்னாடிதானே? அதான் அந்தப் பக்கத்தை மட்டும் வெயிலுக்குத் திருப்பி வைக்கிறேன். வலிக்காத பக்கத்துக்கு எதுக்கு வீணா?”

டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். கொத்துத் தலைவலி சிரிக்கிற விஷயமில்லை. ஒற்றைக் கண்ணுக்குப் பின்னால் திருகாணியை முறுக்குவது போல வரும். வந்தால் வாரக்கணக்கில், தினமும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்துக்கு வரும். கடைக்காரருக்கு அது மதியம் மூன்று மணி. கடையை அடைத்துவிட்டு மாடியில் இருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் பிடித்துக்கொள்ளும். பவர்தான் தப்பு என்று நினைத்து, சொந்தக் கடையிலேயே ஏழெட்டுக் கண்ணாடி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் மனிதர் டாக்டரிடமே வந்தார். ரத்தத்தில் வைட்டமின் டி தரைதட்டிக் கிடந்தது. அதனால் தலைவலி மருந்தோடு அந்த மாத்திரையையும் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

“இன்னும் வருதா?”

“டான்னு வருது. மூணு மணி ஆனா தலையைப் பிடிச்சுக்கிட்டு ‘ஐயோ’ன்னு உள் ரூமுக்கு ஓடறார். வலிக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்த ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிறார்.”

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். “இப்ப வைட்டமின் டி வேணுங்கிற அளவுக்கு ஏறிடுச்சும்மா. இதுக்கு மேல கொடுத்தா கால்சியம் ஏறும், வாந்தி வரும், கிட்னியில கல்லு வரும். தலைவலியைத் துரத்தப் போய் கிட்னியைத் தொலைக்கணுமா?”

“அப்ப ஊசி போடுங்க. நேரா தலைக்குள்ளயே போடுங்க.”

கடைக்காரர் நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார். டாக்டருக்கு ஏதோ உறுத்தியது. கண் பரிசோதனை என்று சாக்குச் சொல்லி மனைவியை வெளியே அனுப்பினார்.

“வலி வர்றப்ப கண்ணு சிவந்து தண்ணி ஊத்துதா?”

“வரவைக்கத்தான் சார் பார்க்கறேன். வர மாட்டேங்குது.”

“என்னது?”

கடைக்காரர் கதவைப் பார்த்தார். பிறகு டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “வலி போய் ஒரு மாசம் ஆச்சு சார். நீங்க நல்லா இருக்கணும்.”

“அப்புறம் எதுக்கய்யா இந்தக் கூத்து?”

“மாமனார் சார். சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவர். இப்ப நாவல் எழுதறார். எழுதினதை தினமும் மூணு மணிக்கு என் பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டறார். கதாநாயகன் நிலம் அளக்கிறான் சார். பன்னிரண்டு அத்தியாயமா ஒரே நிலத்தை அளக்கிறான். கதாநாயகி அளவுச் சங்கிலியோட அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. ரெண்டு பேரும் இன்னும் ஒருத்தரை ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கலை.”

“பிடிக்கலைன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“எப்படி சார் சொல்றது? பொண்ணைக் கொடுத்தவர். எழுத்துமேல உயிரையே வெச்சிருக்கார். அவர் மனசை உடைச்சா எனக்குச் சோறு இறங்காது. தலைவலின்னு ஓடினாத்தான் நாலு பக்கத்தோட நிறுத்தறார். குணமாயிடுச்சுன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க. கிட்னியில கல்லு வந்தாலும் பரவாயில்லை.”

நோயாளி நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது. டாக்டர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். மனைவியை அழைத்து, மாத்திரையை வாரம் ஒன்றுக்கு மேல் கொடுக்கவே கூடாது, வலி போகப் போகச் சரியாகும் என்றார். வெயிலையும் இரண்டு கன்னத்துக்கும் சமமாகப் பங்கு போடச் சொன்னார்.

அவள் முகத்தில் திருப்தியே இல்லை. “டாக்டர் ஏத்தலைன்னா என்ன, நானே பால்ல கரைச்சு ரெண்டு ரெண்டா கொடுத்துக்கறேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே கணவனை இழுத்துப் போனாள். அது டாக்டரின் காதில் நன்றாகவே விழுந்தது. இந்த நாடகம் நீடித்தால் நல்லா இருக்கிற ஆளுக்கு மருந்தே விஷமாகிவிடும். உண்மையைச் சொல்லவும் முடியாது.

கதவு மறுபடி திறந்தது. கூட வந்திருந்த மாமனார் எட்டிப் பார்த்தார். தூக்கமில்லாத கண்கள். விரலெல்லாம் மைக்கறை. பதின்மூன்றாவது அத்தியாயம் தன் தலையில்தான் விடியப் போகிறது என்று டாக்டருக்குப் பகீரென்றது.

“தம்பி, மறைக்காம சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு எப்பத்தான் குணமாகும்?”

“ஏன் ஐயா இவ்வளவு அவசரம்?”

பெரியவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மூணு மணி நெருங்கினாலே அந்தப் பிள்ளை பயந்து நடுங்கினதை என்னால பார்க்க முடியலை தம்பி. அவர் மனசை வேற பக்கம் திருப்பலாம்னுதான், பெரிய எழுத்தாளன் மாதிரி ஒரு கதையைப் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன். எனக்கு நிலம் அளக்கறதைத் தவிர வேற எதுவும் தெரியாது, அதையே எழுதி எழுதிக் கை வீங்கிப்போச்சு. அவருக்கு வலி நின்னுடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அன்னைக்கே பேனாவைத் தூக்கி எறிஞ்சுட்டு நிம்மதியாத் தூங்குவேன்.”