இரண்டாம் பக்கம்

மருத்துவமனையிலிருந்து வந்த புகார் ஒரு வரிதான். ஒரே பிடிஎஃப் அறிக்கையில் முதல் பக்கத்தில் ஒரு பெயர், இரண்டாம் பக்கத்தில் வேறொரு பெயர். அந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் ஜாவா நிரலை எழுதியவள் தமயந்தி. தவறு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நோயாளியின் முடிவை எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில் வைத்திருந்தாள். இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் ஒருவருடைய முடிவு மற்றவருடைய தாளில் ஏறிவிடும்.

மூன்று வாரப் பதிவுகளைத் தேடினாள். அப்படி ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுடைய அறிக்கைகளைப் புதிதாக எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டாள். ஐந்து பேருக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆறாவது வேதவல்லி, வயது முப்பத்தெட்டு. பழைய தாளில் ‘புற்றுநோய் இல்லை’ என்றிருந்தது. புதியதில் ‘உள்ளது’ என்றிருந்தது.

மேலாளர் ஜெரால்டு அவள் காட்டிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “முதல்ல புரோகிராமைச் சரி பண்ணி ஏத்திடும்மா. ஆஸ்பத்திரிக்குத் திங்கக்கிழமை லெட்டர் அனுப்பிக்கலாம்.”

“இன்னிக்குப் புதன்தான் சார்.”



தமயந்தி வெளியே வந்து அறிக்கையிலிருந்த எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஓர் ஆண். பின்னால் ரயில் சத்தம்.

“வேதவல்லி இருக்காங்களா? ரிப்போர்ட் விஷயமா பேசறேன்.”

“நான் அவ வீட்டுக்காரன்தாங்க. ஒண்ணுமில்லன்னு வந்துச்சுல்ல, அதான் பழனிக்குப் போயிட்டிருக்கோம். இருங்க, அவகிட்டயே குடுக்கறேன்.”

“சொல்லுங்க மேடம்,” என்றது சிரிப்பு அடங்காத ஒரு குரல்.