அடுத்த அடுப்பு

"கேமராவை ஆன் பண்ணு, பத்மப்ரியா."

"நெட் கொஞ்சம் வீக்கா இருக்கு சார்..."

"குரவைச் சத்தம் மட்டும் நல்லா ஸ்ட்ராங்கா கேக்குதே!"

மீட்டிங்கில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். மேனேஜர் ஜோக் அடித்தால் சிரிக்காமல் இருக்க முடியுமா?

அன்று ஆற்றுக்கால் பொங்காலை. தெருவுக்குத் தெரு பெண்கள் செங்கல் அடுப்பு மூட்டிப் பகவதிக்குப் பொங்கலிடுகிற நாள். திருவனந்தபுரத்துக்கே லீவு. காலையில் குரூப்பில் பானை படத்தோடு வாழ்த்து அனுப்பியவரும் மேனேஜர் ஸ்ரீகுமார்தான், பதினொரு மணிக்கு மீட்டிங் வைத்தவரும் அவர்தான். ரோடு அடைக்கும் முன்பே கழக்கூட்டத்தில் இருக்கிற ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டிலிருந்து வேலை பாக்கேன்னுதானே சொன்னே? இப்ப எங்க இருக்கே?"

"கரமனையில, ரோட்டுல சார். ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டிருந்தேனே, நீங்க பதிலே போடலை."

"பதில் போடலைன்னா இல்லைன்னு அர்த்தம். இந்த மாசம் அப்ரைசல்னு ஓர்மை இருக்கா?"

"இருக்கு சார்." அவள் குரல் இறங்கிவிட்டது.

"என் வீட்டிலயும்தான் பொங்காலைக்குப் போகணும்னு பிடிவாதம். பகவதிக்கு நேர்ச்சையாம். கூட வந்து செங்கலை மட்டும் தூக்கித் தாங்கன்னா. அடுத்த வருஷம் பாக்கலாம்னேன். பேசாம வீட்டில இருக்கா. உனக்கு மட்டும் என்ன? ஒரு பானைக்கு எத்தனை நேரம் வேணும்?"

"என் பானை அப்பவே பொங்கியாச்சு சார். இது அடுத்த அடுப்பு."

"அடுத்தவ அடுப்பை நீ எதுக்குப் பாக்கணும்?"

"ஒரு அக்கா தனியா வந்திருக்கா சார். வயித்துல ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசம்கூட ஆகலையாம். குனியவே முடியலை. வழியில போனவாதான் செங்கல் வச்சுக் குடுத்தா. ஆத்துக்காரருக்கு ஏதோ மீட்டிங்காம். நானும் விட்டுட்டு வந்தா எப்படி சார்?"

ஸ்ரீகுமாருக்குத் திக்கென்றது. அவர் வீடும் கரமனையில்தான்.

"சரி சரி... கேமரா வேண்டாம். நீ போய்ப் பாரு."

"இல்லை சார், பொய் சொல்றேன்னு நினைச்சுப்பேள். இதோ காட்டறேன்."

திரையில் முதலில் புகைதான் வந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திவ்யலட்சுமி. அவர் மனைவி.

அவளும் போனில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீகுமாருக்குக் காது வரை சுட்டது. அவள் வாயைத் திறந்தால் மானம் போய்விடும். போனாலும் தகும் என்றுதான் அவருக்கே தோன்றியது.

"எங்க சார்தான் அக்கா. என்ன அப்படிப் பாக்கறேள், தெரிஞ்சவரா?"

திவ்யலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையும் நிறையத்தான் இருந்தது.

"இல்ல மோளே," என்றாள், "எனக்கு ஆளைத் தெரியாது."