ஏழாவது சொம்பு

குட்டி அவர் கையை நக்கிவிட்டது.

கையோடு விட்டதா? செருப்புக்கு வெளியே தெரிந்த பாதத்தையும் ஒரு நக்கு நக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

வந்திருந்தவர் திருமலைராயன்பட்டினத்து மீரா சாகிப். வெயில் வந்தால் பள்ளிவாசல் முன்னாடியும் திருநள்ளாறு போகிற வழியிலும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர். அவர் மருமகள் நௌஷின் என்னோடு படித்தவள். விழிதியூரில் அப்பா விட்டுப்போன தரிசில் நான் நடத்துகிற நாய்க் காப்பகத்தைப் பற்றி அவள்தான் மாமனாரிடம் பக்குவமாகப் பேசி, ஒரு நடை வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

ஒன்றை மட்டும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நாய் எச்சில் அவர்மேல் பட்டுவிடக் கூடாது. அது அவர்களுக்கு நஜீஸ், அசுத்தம். பட்டால் ஏழு தடவை கழுவணும், அதில் ஒரு தடவை மண் போட்டு. அப்புறம்தான் தொழ முடியும்.

அதற்காகவே காலையிலிருந்து முத்தையண்ணனைப் பாடாய்ப் படுத்தியிருந்தேன். எனக்கு இங்கே உதவிக்கு இருக்கிற ஒரே ஆள் அவர்தான். எல்லாக் கூண்டுக்கும் தாழ்ப்பாள் போட்டீங்களா, ஆட்டிப் பார்த்தீங்களா என்று கேட்டுக் கேட்டு மனுஷன் வெறுத்தே போய்விட்டார். அப்படியும் பாருங்கள், மீரா சாகிப் உட்கார நாற்காலி எடுக்க நான் கொட்டகைக்குள் போய்த் திரும்புவதற்குள் மூன்று கால் குட்டி வெளியே நிற்கிறது.

வாயில்லாத ஜீவனை என்ன சொல்ல? முத்தையண்ணனைத்தான் பிடித்துக்கொண்டேன். போட்டேன்மா, சத்தியமாப் போட்டேன் என்று அவர் முனகினார். எனக்கு வந்த கோபத்தில் காதில் ஏறவில்லை.

ஏனென்றால் மீரா சாகிப்பும் போய்விட்டால் உதவி கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது. சென்னையில் ஒரு அமைப்பு போட்டோ கேட்டது. அனுப்பினேன். ரொம்ப அழகாக இருக்கு என்று பதில் போட்டார்கள், அதோடு சரி. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ்காரர் கறுப்பு நாய் எத்தனை இருக்கு என்று விசாரித்தார். பரிகாரம் பண்ண வருகிறவர்களைச் சனிக்கிழமை தோறும் அனுப்பி வைப்பாராம், கறுப்புக்கு மட்டும் சோறு போடுவார்களாம். மற்றதெல்லாம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கணுமா? வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவும் சொல்லியிருப்பேன்.

சோற்றுக்கு எப்படியோ ஓட்டிவிடுகிறேன். தண்ணீர்தான் கழுத்தைப் பிடிக்கிறது. இங்கே கிணறும் இல்லை, குழாயும் இல்லை. முத்தையண்ணன் தெருக்குழாயிலிருந்து சைக்கிளில் குடம் குடமாகக் கட்டிக்கொண்டு வருகிறார். போர் போட்டுத் தர யாராவது முன்வராவிட்டால் இந்தச் சித்திரையோடு இடத்தை மூடிவிட்டு, இதுகளை மறுபடி ரோட்டில்தான் விடணும். ரோட்டில் அடிபட்டு வந்ததுதான் முக்கால்வாசி.

மீரா சாகிப் கையைச் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்தபடி நின்றார். அஸர் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கையைக் காட்டுங்க பாய்" என்றேன்.

நாய் நடமாடாத வரப்பிலிருந்து முத்தையண்ணன் ஒரு கை மண் அள்ளி வந்தார். கொட்டகையில் ஒரே ஒரு குடம் மிச்சம் இருந்தது. சாயங்காலம் இதுகளுக்கு வைக்க எடுத்து வைத்தது. அதைத் தூக்கி வந்தேன்.

மண்ணைத் தேய்த்து முதல் சொம்பை ஊற்றும்போதுதான் உறைத்தது. ஏழும் முடிகிற வரைக்கும் இவர் எங்கேயும் நகர முடியாது. நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆகணும்.

விடுவேனா?

கைக்கு ஊற்றினேன், காலுக்கு ஊற்றினேன், வாய் ஓயாமல் பேசினேன். மூன்று கால் குட்டி பஸ் ஸ்டாண்டில் கிடந்த கதை, சொறி பிடித்ததைக் குளிப்பாட்ட வழியில்லாத கதை, சென்னைக்காரர்கள் கதை, லாட்ஜ்காரர் கதை எல்லாம் சொன்னேன். ஆழமாகப் போட்டால் இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் வரும் என்று பக்கத்து வயல்காரர் சொன்னதையும் விடவில்லை. அவர் தலை குனிந்து கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு எல்லா நாய்களும் எழுந்து கம்பியோரம் வந்து நின்றன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

அரை அரைச் சொம்பாக ஊற்றி மிச்சம் பிடித்திருக்கலாம். மனசு வரவில்லை. அவர் தொழப்போகிற கை அது.

ஏழாவது சொம்புக்குக் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருந்தது.

மீரா சாகிப் காலி குடத்தைப் பார்த்தார். இதுகள் இனி என்ன குடிக்கும் என்று கேட்டார். சாயங்காலம் தெருக்குழாயில் விட்டால் உண்டு, விடாவிட்டால் காலைதான் என்றேன். சும்மா மழுப்பி என்ன ஆகப்போகிறது?

கையைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு போனை எடுத்தார். யாரிடமோ இன்று பொழுது சாய்வதற்குள் ஒரு லாரி தண்ணீர் விழிதியூருக்கு வரணும் என்றார். இன்னொருவரிடம் போர் போடுகிற வண்டி நாளைக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டார். எங்கே நின்றாலும் முதலில் இங்கே வரட்டும் என்று சொல்லி வைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேறு வழி தெரியாமல் மறுபடி முத்தையண்ணன் பக்கம் திரும்பி, ஒரு தாழ்ப்பாள் ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று ஆரம்பித்தேன்.

மீரா சாகிப் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அவரத் திட்டாதம்மா. உள்ள சட்டி காஞ்சு கெடந்துச்சு, சொட்டுத் தண்ணியாவது இருக்கான்னு பாக்க நான்தான் தொறந்தேன். நௌஷின்கிட்ட மட்டும் சொல்லிடாத."