ஒரே விலாசம்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்ட வாசிகசாலையில் நாலு பேர் இருந்தார்கள். மேசைத் தலைமாட்டில் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் ஆண்டியப்பன். அவருக்கு வலப்பக்கம் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா, இடப்பக்கம் கடைக்காரர் சண்முகராஜா. கதவோரப் பெஞ்சில், கடிதம் எழுத வரவழைக்கப்பட்ட பிரேமினி டீச்சர்.

தலைவர் போனைத் திருப்பிக் காட்டினார். “ரொட்டிக்கு நின்ன புள்ளைங்க மேல குண்டு போட்டிருக்கான். மனுசனா இவன்? அந்த நாட்டுத் தூதரகத்துக்குக் காரமா எழுதுங்க டீச்சர்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அங்க ஊர விட்டு வெரட்டிவிட்ட சனத்தத் திரும்பச் சேர்க்கச் சொல்லியும் எழுதுங்க,” என்றாள் பேச்சியம்மா. “பிரஜாவுரிமை இல்லன்னு எங்க சித்தப்பன இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துனப்ப கேக்க ஒரு நாதி இல்ல.”

பிரேமினி இலக்கமிட்டு எழுதி முடித்தாள். மூவரும் கையெழுத்திட்டார்கள்.

“நீங்க போடலியா டீச்சர்?” என்றார் சண்முகராஜா.

“எழுதுறவங்க போடுற வழக்கம் இல்லீங்க.”

மற்ற இருவரும் போனதும் தலைவர் குரலைத் தாழ்த்தினார். சட்டைப்பையிலிருந்து மகன் கிஷாந்தின் பாஸ்போர்ட் நகலை எடுத்தார்.

“அந்த நாட்டுல தோட்ட வேல செஞ்ச, குண்டு விழுந்த அந்தச் சனத்தயெல்லாம் வேலயிலருந்து நிப்பாட்டிட்டாங்களாம். அந்த எடத்துக்கு நம்ம நாட்டு ஆளுங்கள எடுக்குறாங்க. மகனுக்கு ஒரு வேல கேட்டு எழுதுங்க. அதே விலாசந்தான். கண்டனத்துல என் பேர மட்டும் வெட்டிருங்க.”

 பிரேமினி பெயரை இரண்டு கோடு போட்டு அழுத்தி வெட்டினாள்.

வேலைக் கடிதத்துக்கு அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போன மாதம் தன் புருஷனுக்காக அதே தூதரகத்துக்கு எழுதியதன் நகல் கைப்பையிலேயே இருந்தது. பெயரை மட்டும் மாற்றி எழுதினாள். இரண்டு உறைகளையும் நாக்கால் நனைத்து ஒட்டி, தலைவர் கையிலேயே தபாலுக்குக் கொடுத்தனுப்பினாள்.