பல்செட் கொடுத்த கடை

கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள கடை, மாணவர்கள் அந்த நேரத்தில் எதற்கு அலைகிறார்களோ அதற்கான கடையாகத் தானே மாறிக்கொள்ளும். காலையில் அது பல் ஆஸ்பத்திரியாக இருந்தது. என் பல்செட்டைச் சரிசெய்யக் கொடுத்தேன். மறுநாள் பேரனுக்கு மறுவீட்டு விருந்து, ஆட்டுக்கறி.

மத்தியானம் போனால் அங்கே செல்போன் கடை. உள்ளே, காலையில் என் பல்செட்டை வாங்கி வைத்த அதே பெண் தமயந்தி. வெள்ளைக் கோட்டு மட்டும் இல்லை.

“என் பல்லு எங்கம்மா?”

“ஆஸ்பத்திரி அலமாரில இருக்கு தாத்தா. ஆஸ்பத்திரி திரும்ப வந்தாத்தான் அது திறக்கும்.”

“எப்ப வரும்?”

“பசங்களுக்குப் பல்லு வலிச்சா வரும்.”

அவ்வளவுதானே என்று ஒரு பை நிறையக் கமர்கட் வாங்கிவந்து, வாசலில் நின்று போகிற வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தேன். கருங்கல்லுக்கு வெல்லம் பூசியது போன்ற சரக்கு. ஒருவனுக்காவது பல் ஆடும் என்று பார்த்தால், பாவிகள் இன்னொன்று கேட்டு வரிசையில் நின்றார்கள். பை காலியான பிறகும் வரிசை கலையவில்லை.

சாயங்காலம் கடையின் பலகை மாறுவது தெரிந்ததும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

“வாங்க தாத்தா, முதல் போணி நீங்கதான்” என்று தமயந்தி என் கையில் ஒரு கமர்கட்டை வைத்தாள். “கடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க.”