ஆடாத தலை

“ஐயோ, முழுசா சரி பண்ணிடாதீங்க டாக்டர்! கொஞ்சம் மிச்சம் வையுங்க!”

பிசியோதெரபிஸ்ட் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். வலிக்கிறது என்று கத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். வலி போய்விடுமே என்று கத்துகிற ஆளை இன்றுதான் பார்க்கிறாள்.

மேசையில் மல்லாந்து படுத்திருந்தவர் ஒரு மெத்தை கம்பெனியின் கணக்கர். கழுத்து பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர். சிகிச்சைக்கு வர ஆரம்பித்துக் கொஞ்ச நாளாகிறது.

“மெத்தை கம்பெனிக்காரருக்கே கழுத்துப் பிடிப்பான்னு முதல் நாளே சிரிப்பு வந்துச்சு. இப்ப அது போகவே வேண்டாம்ங்கறீங்க. என்ன சார் விஷயம்?”

கணக்கர் தடுப்புத் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்க முதலாளி ரொம்ப நல்லவங்க. ஆனா ஒண்ணு சொன்னா எல்லாரும் தலையாட்டணும். முதல்ல ஆடுறது என் தலைதான். அவங்ககிட்ட வந்து சேர்ந்த நாள்லேருந்து அப்படியே பழகிப்போச்சு.”

“சரி…”

“போன மாசக் கூட்டத்துல, பக்கத்து ஊர்ல புதுக் கிளை திறக்கலாமான்னு கேட்டாங்க. எல்லாத் தலையும் ஆடுச்சு. என்னோடது மட்டும் ஆடலை. எப்படி ஆடும்? கழுத்துதான் பிடிச்சுக்கிட்டிருந்துச்சே! முதலாளி பேச்சை அப்படியே நிறுத்திட்டாங்க. ‘உங்களுக்கு இதுல சம்மதம் இல்லையா?’ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை டாக்டர்.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“கிளை பேச்சைத் தள்ளி வெச்சாங்க. கணக்கு பார்க்கிற எனக்குத்தான் தெரியும், கம்பெனி இப்பவே மூச்சு வாங்கிக்கிட்டு ஓடுது. கிளை திறந்தா மொத்தமும் மூழ்கிடும். நானும் நடுத்தெருவுக்கு வந்துடுவேன். நாளைக்கு மறுபடி கூட்டம். கழுத்து சரியாயிட்டா நான் ஆட்டிடுவேன்!”

“வேண்டாம்னு வாயால சொல்ல வேண்டியதுதானே?”

“வாயைத் திறக்கறதுக்குள்ள தலை முந்திக்குமே!”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “வீட்டுலயாவது தைரியமாப் பேசுவீங்களா?”

“அங்கேயும் வித்தியாசம் ஒண்ணும் இல்லை” என்று பெருமூச்சு விட்டார்.

அவருடைய பின்மண்டையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி, கட்டைவிரல்களைக் காதுகளுக்குக் கீழே வைத்து, மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாள். தலை எண்ணெய் போட்ட கதவுபோலத் திரும்பியது.

“முதலாளி” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். விரல்களுக்கு அடியில் கழுத்து கல்லாக இறுகியது.

“சார், உங்க கழுத்து போன தடவையே சரியாயிடுச்சு. இப்ப அதைப் பிடிச்சு வெச்சிருக்கிறது நீங்கதான்.”

அவர் முகம் தொங்கிவிட்டது. “என்னைக் கைவிட்டுடாதீங்க. முதலாளி வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க. நான் நாளைக்குள்ள குணமாகணும்னு அவங்களே காரை ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க.”

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அலமாரியில் இருந்ததிலேயே விறைப்பான கழுத்துப் பட்டையை எடுத்து, தாடை அசையாதபடி இறுக்கி மாட்டிவிட்டாள்.

“இதோட கூட்டத்துக்குப் போங்க. நீங்களே நினைச்சாலும் ஆட்ட முடியாது. யாராவது கேட்டா, இன்னும் குணமாகலைன்னு நான் சொல்லிக்கிறேன். நானெல்லாம் யாருக்கும் பயப்பட மாட்டேன்.”

“நீங்க நல்லா இருக்கணும் டாக்டர்!”

அப்போது திரை விலகியது. கையில் கார் சாவியோடு ஓர் அம்மாள் நின்றிருந்தாள்.

“என்னங்க, இன்னுமா முடியலை? பட்டை வேற மாட்டியாச்சா! சரி விடுங்க, கூட்டமெல்லாம் எதுக்கு? கட்டின புருஷன் நீங்களே சம்மதிச்சுட்டா, கம்பெனியில வேற யாரைக் கேட்கணும் நான்? கிளையைத் திறந்துடலாம்ல?”

பட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, கணக்கரின் தலை மேலும் கீழும் ஆடியது.

“நீங்க சொல்லுங்க டாக்டர், நல்ல யோசனைதானே?” என்று அந்த அம்மாள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

இல்லை என்று சொல்லத்தான் பிசியோதெரபிஸ்ட் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் தலை முந்திக்கொண்டது.